பார்லரில் 'லிம்ஃப் டிரெய்னேஜ்': அக்காவின் கைவீக்கத்துக்குப் போகலாமா?

கத்திரிவெயில்

வணக்கம். என் அக்காவுக்கு 52 வயது. இரண்டு வருடம் முன்பு வலது மார்பில் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். அக்குளில் இருந்த நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், எடுத்தார்கள். அப்புறம் கதிர்வீச்சு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இந்தப் பொங்கலிலிருந்து வலது கை வீங்குகிறது. முதலில் வளையல் ஏறவில்லை. போன மாதம் மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றினோம். இப்போது ரவிக்கையில் வலது கையை மட்டும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது.

செக்கப் போனபோது டாக்டர் "இது சகஜம், கையை உயர்த்தி வையுங்கள், கனம் தூக்காதீர்கள்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுப் பக்கத்து பார்லரில் 'லிம்ஃபாட்டிக் டிரெய்னேஜ் மசாஜ்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். பத்து சிட்டிங், 28,000 ரூபாய். "உடம்பில் தேங்கின நச்செல்லாம் வடிஞ்சிடும், வீக்கமும் போயிடும்" என்கிறார்கள். அக்காவுக்குப் போக ஆசை. அத்தானுக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. நடுவில் நான். இது நிஜமா, டுபாக்கூரா?

உப்புக்கல்

முதலில் அந்த 28,000 ரூபாயைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

மருந்துக்கடையில் 35 வருடம் உட்கார்ந்தவன் நான். 'நச்சு வடியும்' என்று எவர் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பேன்: எந்த நச்சு, அதன் பெயர் என்ன? இதுவரை பதில் வந்ததில்லை. உடம்புக்கு ஆகாததைக் கல்லீரல் பிரிக்கிறது, சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. நிணநீர், அதாவது இவர்கள் சொல்லும் 'லிம்ஃப்', எங்கே போகிறது தெரியுமா? கழுத்துக்குக் கீழே பெரிய ரத்தக்குழாயில் போய்க் கலக்கிறது. உடம்பை விட்டு ஒரு சொட்டுகூட வெளியே வருவதில்லை. 'டிரெய்னேஜ்' என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ சாக்கடைக்குப் போய்விடுகிற மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். பெயர் வைத்தவன் கெட்டிக்காரன்.

தாமரைத்தண்டு

நான் எட்டு வருடமாக கோவையில் இந்த மசாஜ் செய்கிறவள். முறையாகப் பயிற்சி எடுத்தவள். உப்புக்கல் ஐயா சொல்வது போல எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து எடை போட வேண்டாம்.

ஜெர்மனியில் டாக்டரே சீட்டு எழுதித் தருகிறார், அரசுக் காப்பீடு பணம் கட்டுகிறது. அது ஏமாற்று வேலை என்றால் அங்கே விடுவார்களா? என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் எதுவும் கிடையாது. காலையில் முகம் உப்பியிருக்கும், பயணம் போய் வந்து கால் கனத்திருக்கும். 45 நிமிடத்தில் லேசாகி எழுந்து போகிறார்கள். கண்ணாடியில் வித்தியாசம் தெரிகிறது. அதையும் பொய் என்பீர்களா?

உப்புக்கல்

பொய் என்று சொல்லவில்லை அம்மா. காலையில் உப்பின முகம் பல் தேய்த்துக் காபி குடித்து ஒரு மணிநேரம் நடமாடினால் தானே வடிந்துவிடும். ராத்திரி முழுக்கப் படுத்திருந்ததில் முகத்தில் நின்ற நீர் எழுந்ததும் கீழே இறங்குகிறது. நீங்கள் கையால் தள்ளினால் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். அதற்கு 2,800 ரூபாயா?

ஜெர்மனி விஷயம் சரி. ஆனால் அங்கே சீட்டு எழுதுவது வீக்க நோய்க்கு. முகம் பளபளக்க அல்ல. அந்தச் சீட்டின் மரியாதையை எடுத்து நீங்கள் ஃபேஷியலுக்குப் போர்த்துகிறீர்கள்.

இந்த மசாஜ் பிறந்த கதையையும் சொல்கிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் என்ற தம்பதி, 1930களில் பிரான்சின் கான் நகரத்தில் மசாஜ் வேலை பார்த்தார்கள். தீராத சளி, சைனஸ் என்று வந்தவர்களுக்குக் கழுத்து நெறிகள் வீங்கியிருப்பதைக் கவனித்து மென்மையாகத் தடவிப் பார்த்தார்கள். 1936இல் பாரிஸில் இதை மக்கள் முன் வைத்தார்கள். அப்போதே இதற்கு அழகுக்கலைப் பக்கத்தில்தான் வரவேற்பு. மருத்துவர்கள் கையில் எடுத்தது பல ஆண்டுகள் கழித்து. பார்லருக்கும் இதற்கும் உறவு நேற்று வந்ததில்லை.

பாதிராத்திரி காபி

நீங்கள் எல்லாம் பழைய சயின்ஸில் நிற்கிறீர்கள் அங்கிள். மூளைக்கே நிணநீர் வடிகால் இருக்கிறது என்று கண்டுபிடித்தாயிற்று. கழுத்தில் மசாஜ் செய்தால் மூளைக் கழிவு வெளியேறி மறதி நோயே வராது என்று வீடியோ பார்த்தேன். நான் தினமும் காலையில் உலர் பிரஷ்ஷால் உடம்பைத் தேய்த்து, குட்டி டிராம்போலினில் 10 நிமிடம் குதிக்கிறேன். ஆறு மாதமாக ஜலதோஷம் இல்லை.

உப்புக்கல்

தம்பி, நானும்தான் ஆறு மாதமாகக் குதிக்கவில்லை. எனக்கும் ஜலதோஷம் இல்லை.

பிசியோக்காரி

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களின் கைவீக்கத்தைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். அதனால் இது கொஞ்சம் நீளும்.

காபி தம்பிக்கு முதலில். மூளையில் கழிவு கழுவப்படும் பாதை இருக்கிறது என்று 2012இல் சொன்னார்கள், மூளை உறையில் நிணநாளங்கள் இருப்பது 2015இல் உறுதியானது. பெரும்பாலும் எலிகளில் செய்த ஆராய்ச்சி. அதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்கிறார்கள். கழுத்தைத் தடவினால் மறதி வராது என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. உங்கள் பெயரைப் பார்த்தால் தூக்கத்தில்தான் முதலில் கை வைக்க வேண்டும் போலிருக்கிறது.

கத்திரிவெயில், இப்போது உங்கள் அக்கா.

நம் ரத்த நுண்குழாய்களிலிருந்து நீர் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அதில் நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் நிணநாளங்கள் வழியாக ரத்தத்துக்குத் திரும்புகிறது. வெறும் நீர் மட்டும் அல்ல, கசிந்த புரதமும் அதே வழியில்தான் திரும்ப வேண்டும். இதற்கு இதயம் மாதிரி தனி பம்பு கிடையாது. நாளத்தின் சுவரே துண்டு துண்டாகச் சுருங்கித் தள்ளுகிறது, உள்ளே வால்வு இருப்பதால் பின்னால் வராது. தசை அசைவும் மூச்சும் கூடத் தள்ளுகின்றன. கை முழுவதின் நிணநீருக்கும் அக்குள்தான் ஒரு காலத்துக் கோயம்பேடு பஸ் நிலையம் மாதிரி. எல்லா பஸ்ஸும் அங்கே வந்துதான் போக வேண்டியிருந்தது. அக்காவுக்கு அந்த நிலையத்தையே எடுத்துவிட்டார்கள், மிச்சம் இருந்த சந்துகளைக் கதிர்வீச்சு இறுக்கிவிட்டது. அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. முதல் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துப் பார்க்கிற முறையில் இது இருபதில் ஒருவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

புரதம் தேங்கினால் அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கடையில் நீர் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், இந்த வீக்கத்துக்கு அது கேட்காது. தொடக்கத்தில் அழுத்தினால் குழி விழும். மாதக்கணக்கில் விட்டால் உள்ளே நாரும் கொழுப்பும் சேர்ந்து குழி விழாமல் கெட்டியாகிவிடும். குழி விழுகிற கட்டத்திலேயே வருவதுதான் லாபம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் கழித்துப் புதிதாக வீங்கினால் உடனே மசாஜ் இல்லை. அக்குளில் நோய் திரும்பியிருக்கிறதா, ரத்தநாளத்தில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஸ்கேன் எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். சங்கடப்படாதீர்கள்.

அது இல்லை என்றால், ஆமாம், மசாஜ் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற மசாஜ் அல்ல. நாங்கள் வீங்கிய கையில் ஆரம்பிப்பதே இல்லை. முதலில் கழுத்துக்குழி, வயிறு உப்ப நாலைந்து மூச்சு. அடுத்து நல்ல பக்கத்து அக்குள். பிறகு வீங்கிய பக்கத்துத் தொடையிடுக்கு. அப்புறம் மார்பின் குறுக்காகவும் விலாப் பக்கமாகவும் பாதை பிடித்துவிட்டுத்தான் கைக்கு வருவோம். கையிலும் தோளை ஒட்டிய பகுதி முதலில், விரல் கடைசியில். நெரிசலில் முன்னால் நிற்கும் வண்டி நகர்ந்தால்தானே பின்னால் நிற்பது நகரும்! எண்ணெய் போட மாட்டோம். எண்ணெய் போட்டால் கை வழுக்கிக்கொண்டு போகும், தோல் நகராது. தோல் இழுபட்டால்தான் அதனடியில் இருக்கும் நுண்ணிய நிணநாளங்களின் வாய் திறக்கும். அழுத்தம், தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற அளவு. முதல் தடவை வருகிறவர்கள் "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பார்கள்.

இது முடிந்த கையோடு பல அடுக்காகக் கட்டு. குறைவாக நீளும் தனி ரகத் துணி அது, கணுக்கால் சுளுக்குக்குச் சுற்றுகிற கிரேப் பேண்டேஜ் அல்ல. கட்டு இல்லாமல் அனுப்பினால் ராத்திரிக்குள் வீக்கம் பழையபடி வந்து உட்கார்ந்துவிடும். கட்டோடு கைப்பயிற்சி, தோல் பராமரிப்பு. நாலும் சேர்ந்ததுதான் சிகிச்சை. இரண்டு முதல் நாலு வாரம் தினமும், பிறகு அளவெடுத்துத் தைத்த இறுக்க ஸ்லீவ்.

உங்கள் பார்லரில் கட்டு போடுவார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

உப்புக்கல்

பிசியோக்காரி அம்மா, நீங்கள் எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். நன்றி. ஆனால் நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்களே!

இந்த மார்பகப் புற்றுநோய்க் கைவீக்கத்துக்கு மசாஜ் எவ்வளவு உதவுகிறது என்று 2015இல் காக்ரேன் குழு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற அமைப்பு) 6 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கட்டு மட்டும் போட்டவர்களுக்கே வீக்கம் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கட்டோடு மசாஜும் சேர்த்தபோது கூடுதலாகக் கிடைத்தது சுமார் 7 சதவீதம். அப்படியென்றால் கட்டுதான் சாதம், மசாஜ் ஊறுகாய். ஊறுகாயை மட்டும் பாட்டிலில் அடைத்து 28,000 ரூபாய்க்கு விற்கிறார்கள்.

பிசியோக்காரி

ஊறுகாய் என்றதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதே ஆய்வறிக்கையில், வீக்கம் லேசாகவும் நடுத்தரமாகவும் இருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் பலன் இருக்கக்கூடும் என்றும், மசாஜ் பாதுகாப்பானது என்றும் இருக்கிறது. அதை நீங்கள் சொல்லவில்லை. கத்திரிவெயிலின் அக்கா அந்த லேசான கட்டத்தில்தான் இருப்பார் என்று தோன்றுகிறது.

இன்னொன்று, மார்பிலும் முதுகிலும் வரும் வீக்கத்துக்குக் கட்டு சுற்ற முடியாது. அங்கே கைதான் கதி. அளவு நாடாவில் ஏறாத விஷயமும் உண்டு. அந்தக் கையை இரண்டு வருடமாக யாரும் பிரியமாகத் தொட்டிருக்க மாட்டார்கள். முதல் நாள் மேஜையில் படுத்து அழாதவர்கள் குறைவு. இதை ஆய்வு என்று சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

காவிரிக்கரை

நான் கும்பகோணம் பக்கம். வயது 64. நீங்கள் பேசுவதைப் பார்த்தால் நிணநீர் வீக்கம் என்பது பட்டணத்துப் பெண்களின் கையில் மட்டும் வருகிற மாதிரி இருக்கிறது. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் யானைக்கால்.

அம்மாவுக்கு இடது கால். நான் பள்ளிக்கூடம் போகும்போதே வீக்கம் உண்டு. எப்போதும் புடவையைத் தாழ்த்திக் கட்டுவாள், கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் காலை உள்ளே மடக்கி உட்காருவாள். சுகாதாரத் துறைக்காரர்கள் ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு வந்து விரலைக் குத்தி ரத்தம் எடுப்பார்கள். யானைக்காலை உண்டாக்குகிற புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலாவும் என்பார்கள். தூக்கக் கலக்கத்தில் நாங்கள் பிள்ளைகள் கொல்லைப்பக்கம் ஓடி ஒளிவோம். புழுவைப் பரப்புவது சாக்கடைத் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு. புழு குடியிருப்பது நிணநாளத்துக்குள். டி.இ.சி. மாத்திரை புழுவை ஒழிக்கும். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன நாளத்தைச் சரிசெய்யாது. வீங்கிய கால் வீங்கினதுதான்.

அம்மாவைப் படுக்கவைத்தது வீக்கம்கூட அல்ல, காய்ச்சல். மாதம் ஒருமுறை நெறி கட்டி, குளிர் உதறி, கால் செக்கச் செவேலென்று சிவந்து நாலு நாள் கிடப்பாள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் ஒரு சுற்று பெருக்கும். கடைசியில் ஒரு நர்ஸம்மாதான் காரணத்தைக் காட்டினார். அம்மாவின் கால்விரல் இடுக்கை விரித்து, "பாருங்க, இங்க வெள்ளையா ஊறிப் போயிருக்கு, இதான் வாசல்" என்றார். அந்தப் புண் வழியாகக் கிருமி நுழைகிறது. அன்றிலிருந்து தினமும் ராத்திரி சோப்பு போட்டுக் காலைக் கழுவி, பழைய வேட்டித் துணியைத் திரியாகச் சுருட்டி ஒவ்வொரு இடுக்காகத் துடைத்து, களிம்பு போட்டு, காலைத் தலையணை மேல் ஏற்றி வைப்பது என் வேலை. பதினோரு வருடம் செய்தேன். மாதம் ஒருமுறை வந்த காய்ச்சல் வருடம் ஒருமுறை ஆனது. கால் கொஞ்சம் இளைத்தது. மசாஜ் எதுவும் செய்யவில்லை. ஒரு சோப்பு, ஒரு துணி.

இப்போது உப்புக்கல் சாருக்கு ஒரு வார்த்தை. ஏமாற்று என்கிறீர்கள், சரி. ஏமாற்றுக்காரன் கடை போட்டது எந்த இடத்தில்? ஆஸ்பத்திரி காலியாக விட்ட இடத்தில். அம்மாவை எத்தனை டாக்டரிடம் காட்டினோம்! "இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, பழகிக்குங்க" என்ற பதில்தான். ஒன்றும் பண்ண முடியாது என்று சொன்ன மறுவாரமே நாங்கள் வைத்தியர் ஒருவரிடம் பச்சிலைக் கட்டுக்குப் போனோம். கால் வெந்து புண்ணானது. கத்திரிவெயிலின் அக்காவுக்கும் இப்போது அதேதான் நடக்கிறது. டாக்டர் இரண்டு வரியில் முடித்தார், பார்லர்காரி உட்காரவைத்துப் பேசினாள். யாரிடம் போவாள்?

காசர்கோட்டில் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அப்ளைடு டெர்மடாலஜி என்று இருக்கிறது. அங்கே சோப்புக் கழுவல், மூலிகைக் கஷாயத்தில் காலை ஊறவைப்பது, யோகா மூச்சு, மசாஜ், அப்புறம் இறுக்கக் கட்டு என்று எல்லாவற்றையும் கலந்து யானைக்காலுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். தோல் டாக்டரும் ஆயுர்வேத டாக்டரும் ஒரே இடத்தில் பார்க்கிறார்கள். இது தெரியவந்தபோது அம்மா இல்லை.

மட்டக்களப்பான்

காவிரிக்கரை ஐயா சொன்னதுக்கு ஒரு துணைச் செய்தி. இலங்கையில் யானைக்கால் நோய் இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் ஏற்கெனவே வீங்கின கால்கள் அறிவிப்பைக் கேட்டு வற்றுவதில்லை. அவர்களுக்கு இன்னும் கிளினிக் வேணும்.

உப்புக்கல்

காவிரிக்கரை, உங்கள் பதிவுக்குப் பதில் சொல்ல யோசித்தேன். ஆஸ்பத்திரி காலியாக விட்ட இடம் என்றது உண்மை. மருந்துக்கடையில் நானே எத்தனை பேருக்கு "அது அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பேன்.

ஆனாலும் காலி இடம் என்பதற்காக யாரும் பந்தல் போடலாம் என்று ஆகிவிடாது.

வெந்தயக்களி

எதற்கு இவ்வளவு சண்டை? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து உருவிவிட்ட பாட்டிகள் செய்ததும் இதே லிம்ஃப் மசாஜ்தானே. வெள்ளைக்காரன் பெயர் வைத்தால்தான் நமக்கு ஏறும்.

பிசியோக்காரி

பாட்டிகள் செய்தது எண்ணெய்க் குளியல். அது சுகம். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் எண்ணெயோடு அழுத்தி உருவுவது தசைக்கான வேலை. வீங்கிய கையில் அப்படி உருவினால் ரத்த ஓட்டம் கூடி வீக்கம் இன்னும் ஏறலாம். எங்கள் மசாஜுக்கு நேர் எதிர்.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுத்தில் நெறி கட்டினால் எண்ணெய் விட்டு நீவிக் கரைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நெறி என்பது கிருமியோடு சண்டை நடக்கிற காவல் சாவடி. தொண்டை சரியானால் அதுவே வற்றும். இரண்டு மூன்று வாரம் ஆகியும் வற்றவில்லை, கெட்டியாக இருக்கிறது, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். நம் ஊரில் கழுத்து நெறி வீக்கத்துக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். கண்டமாலை என்று பழையவர்கள் சொன்னார்களே, பெரும்பாலும் அதுதான். நீவிக் கரைகிற சமாசாரம் அல்ல.

சிக்னல் இல்லை

என் அனுபவம். போன வருடம் அலுவலக வேலையாக பஸ்ஸில் பதினாறு மணிநேரம். இறங்கிய மறுநாள் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தது. ஒரு ஸ்பாவில் "லிம்ஃப் பிளாக்" என்று சொல்லி ஒரு மணிநேரம் பிடித்துவிட்டார்கள். என்ன ஏது என்று ஒரு கேள்வி இல்லை. இரண்டு நாள் கழித்து மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் காலின் ஆழ்நாளத்தில் ரத்தக்கட்டி, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. மசாஜால்தான் போனது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலை யாரும் பிசைந்திருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். இன்னும் மாத்திரையில்தான் ஓடுகிறது.

தாமரைத்தண்டு

படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. நான் பயிற்சி எடுத்தபோது முதல் நாள் பாடமே இதுதான்: ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தொடாதே. இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், காய்ச்சலோடு தோல் சிவந்திருப்பவர்கள், புற்றுநோய்க்கு இன்னும் சிகிச்சை பார்க்காதவர்கள், யாரையும் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. நான் எழுதிக் கேட்ட பிறகுதான் படுக்கச் சொல்வேன். மூன்று நாள் வகுப்பு போய் சான்றிதழ் வாங்கியவர்கள் கேட்பதில்லை. அது எனக்கும் தெரியும்.

கத்திரிவெயில், உங்கள் அக்கா என் கடைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். எனக்குக் கட்டு போடத் தெரியாது.

ஆனால் உப்புக்கல் ஐயா, ஒன்றை விட்டுத்தர மாட்டேன். நோயில்லாத ஒருத்தி களைத்துப்போய் வந்து ஒரு மணிநேரம் நிம்மதியாகப் படுக்க ஆசைப்பட்டால் அது அவள் காசு. நச்சு என்ற வார்த்தையை என் போர்டிலிருந்து எடுத்துவிடுகிறேன். மசாஜை எடுக்க மாட்டேன்.

உப்புக்கல்

போர்டை மாற்றிவிட்டுச் சொல்லுங்கள், என் சம்சாரத்தை அனுப்புகிறேன். 'நிம்மதி' என்று எழுதி விற்றால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. முகம் ஒடுங்கும், எடை குறையும், எதிர்ப்பு சக்தி கூடும் என்று எழுதினால் மறுபடி வருவேன்.

பாதிராத்திரி காபி

அப்போ டிராம்போலின் வேஸ்ட்டா?

பிசியோக்காரி

இல்லை தம்பி, குதிப்பது உடற்பயிற்சிதானே. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது நிணநீரும் நகரும். நடந்தாலும் நகரும், மாடிப்படி ஏறினாலும் நகரும். பிரஷ்ஷை மட்டும் மெதுவாகப் போடுங்கள், தோல் கீறினால் அதுவும் ஒரு வாசல்.

கத்திரிவெயில்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், எல்லோரும் மன்னிக்கணும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேன் எடுத்தோம். நோய் திரும்பவில்லை, ரத்தக்கட்டியும் இல்லை. அன்று ராத்திரிதான் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். பிசியோக்காரி அக்கா சொன்ன மாதிரி பார்லரில் போய் "கட்டு போடுவீங்களா?" என்று கேட்டேன். "எந்தக் கட்டு?" என்றார்கள். திரும்பிவிட்டேன்.

புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் நிணநீர் வீக்கத்துக்கென்று தனியாக ஒரு பிசியோ அறை இருந்தது. அதே கட்டடத்தில் இத்தனை நாள் செக்கப் போயும் யாரும் காட்டவில்லை. முதல் நாள் நாடாவால் அளந்தார்கள். முழங்கைக்கு மேலே ஓரிடத்தில் வலது 31.5 சென்டிமீட்டர், இடது 27. மூன்று வாரம் தினமும் மசாஜும் கட்டும். இப்போது வலது 28.5. மோதிரம் இன்னும் ஏறவில்லை, வளையல் ஏறுகிறது.

கட்டு சாதாரண விஷயம் இல்லை. விரல் ஒவ்வொன்றுக்கும் தனி ரிப்பன், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மூன்று சுருள் துணி. சென்னை மே மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அக்கா ஃபேன் அடியிலேயே குடியிருந்தாள். முதல் வாரம் நாலு தடவை பிய்த்துப் போட்டாள். அத்தான்தான் வீடியோ எடுத்து வந்து கற்றுக்கொண்டார். இப்போது அவர் கட்டினால்தான் அவளுக்குச் சரிப்படுகிறது. நம்பிக்கை இல்லை என்றவர்!

இரண்டு சந்தேகம். கனம் தூக்கவே கூடாது என்றார்களே, வாழ்நாள் முழுக்கவா? இந்தக் கட்டோடு வடகம் பிழியலாமா? வெயில் போய்விடும் என்று தினமும் நச்சரிக்கிறாள்.

பிசியோக்காரி

31.5இலிருந்து 28.5. அத்தானுக்கு என் வணக்கம்.

கனம் தூக்கக் கூடாது என்பது பழைய பாடம். அமெரிக்காவில் இதே வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2009இல் வந்தது. ஸ்லீவ் போட்டுக்கொண்டு, சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. உங்கள் பிசியோவிடம் கேட்டு அரைக் கிலோவில் ஆரம்பிக்கட்டும். திடீரென்று ஒருநாள் தண்ணீர்க் குடம் தூக்குவதுதான் வம்பு.

வடகம் தாராளமாகப் பிழியலாம். கட்டோடு கையை மடக்கி விரிப்பது நல்ல பயிற்சிதான். கட்டில் மாவு படாமல் ஒரு உறை போட்டுக்கொள்ளட்டும். மொட்டை மாடிக்குக் காலை எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும், சூடு அந்தக் கைக்கு ஆகாது. கொசு கடித்தால் சொறியாமல் உடனே சோப்பு போட்டுக் கழுவட்டும். காவிரிக்கரை ஐயா சொன்ன அதே காரணம்தான்.

காவிரிக்கரை

அத்தான் கட்டு கட்டுகிறார் என்று படித்ததும் இரண்டு தடவை படித்தேன். நல்லா இருக்கட்டும்.

உப்புக்கல்

எல்லாம் சரி, அந்த 28,000 பத்திரமா?

கத்திரிவெயில்

25,000 பத்திரம் ஐயா. நான் இங்கே கேள்வி கேட்ட அன்றே அக்கா யாருக்கும் சொல்லாமல் 3,000 அட்வான்ஸ் கட்டியிருந்தாள். பணம் திரும்ப வராதாம், பதிலுக்கு இரண்டு ஃபேஷியல் தருகிறார்களாம். நேற்று ஒன்று முடித்துவிட்டு வந்தாள். முகம் நன்றாகத்தான் இருக்கிறது.